கடலை சாஸ் மலையில் ஏன் இறுகுது, ஏன் திரியுது?

கோத்தகிரி வீடு | 11 நவம்பர் 2023, இரவு 8.40

மேட்டுப்பாளையத்துல வழவழன்னு வர்ற நிலக்கடலை சாஸ், அதே கடலை, அதே மிக்ஸி, அதே அளவுல இங்கே கோத்தகிரியில அரைச்சா வர மாட்டேங்குது. முதல்ல வெறும் பொடியாவே நிக்குது. ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டதும் சப்பாத்தி மாவாட்டம் இறுகுது. அடுப்புல வெச்சுக் கிளறினா ஓரத்துல எண்ணெய், நடுவுல மணல். தேங்காய்ப்பால் ஊத்தினா கொஞ்சம் சேருது, ஆனா தட்டுல விட்டு 10 நிமிஷத்துல மெழுகு மாதிரி உறைஞ்சிடுது. மோமோவுக்கும் வேகவெச்ச காய்க்கும் தொட்டுக்கத்தான் செய்யறேன். 200 கிராம் கடலை, 1 கப் தேங்காய்ப்பால், புளி, வெல்லம், மிளகாய், பூண்டு. எங்கே தப்பு?

பழனி அடிவாரம் | 11 நவம்பர், இரவு 9.05

கடலை வறுபடலை. அதான் பொடியா நிக்குது. தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா, ஸ்பூன் ஸ்பூனா விடுங்க. ஒரேயடியா ஊத்தினா திரியத்தான் செய்யும்.

குன்னூர் அடுப்படி | 11 நவம்பர், இரவு 10.20

ஸ்பூன் ஸ்பூனா விட்டதுதான் இறுகினதுக்கே காரணம். நீங்க சொன்ன நாலு கோளாறுக்கும் நாலு வேற காரணம் இருக்கு. ஒவ்வொண்ணா எழுதறேன்.

பொடியா நிக்கறது: நிலக்கடலையில ஏறக்குறைய பாதி எண்ணெய். அது வெளிய வந்தாத்தான் விழுது. 30 டிகிரி அறையில அரைச்சா மிக்ஸி சூடும் சேர்ந்து 3 நிமிஷத்துல எண்ணெய் இளகிடும். நவம்பர்ல இங்கே அடுக்களை 14, 15 டிகிரி. ஸ்டீல் ஜார், கடலை, பிளேடு மூணுமே ஜில்லுன்னு இருக்கும். எண்ணெய் தடிச்சுப்போய் பொடியோட ஒட்டிக்கிட்டே கிடக்கும். கடலையை வறுத்த சூட்டோட அரைக்கணும். ஜாரை வெந்நீர் ஊத்தி 2 நிமிஷம் வெச்சுக் கொட்டி, துணியால ஈரம் துளியும் இல்லாம துடைக்கணும்.

இறுகறது: எண்ணெயில மிதக்கற கடலைத் துகளுக்குத் தண்ணின்னா ஆசை. ரெண்டு ஸ்பூன் விட்டா துகளெல்லாம் அந்தத் தண்ணியப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். அதான் மாவு மாதிரி ஆகறது. பயந்து அங்கே நிறுத்தக் கூடாது. இன்னும் தண்ணி வேணும், அதுவும் சுடுதண்ணி. 200 கிராம் விழுதுக்கு 50 மில்லி விட்டா கட்டி. 150 மில்லியில இளக ஆரம்பிக்கும். 300 மில்லியில கரண்டியிலிருந்து ஒழுகும். அதனால முதல் ஊத்தலே 150 மில்லி, ஒரே மூச்சுல.

திரியறது: அடுப்புல தளதளன்னு கொதிக்க விட்டிருப்பீங்க, புளியும் அப்பவே சேர்த்திருப்பீங்க. தண்ணி சுண்டுது, புளிப்புக்குக் கடலைப் புரதம் திரளுது, எண்ணெய் தனியாப் போகுது. விழுது சேர்ந்த பிறகு கொதி கூடாது. ஓரத்துல சின்னக் குமிழி வர்ற அளவுதான் தீ.

உறையறது: இது கடலையோட குத்தமில்ல, தேங்காயோடது. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறையும். மேட்டுப்பாளையத்துல அது தெரியாது, கோத்தகிரித் தட்டுல தெரியும். இங்கே நல்லெண்ணெய்தான் சரி. கடலெண்ணெய்கூட ஊட்டிக் குளிர்ல கலங்கும், நல்லெண்ணெய் கலங்காது.

குன்னூர் அடுப்படி | 11 நவம்பர், இரவு 10.55

அளவு விட்டுப்போச்சு. தேங்காய் இல்லாதது:

பச்சைக் கடலை 220 கிராம் (வறுத்துத் தோல் நீக்கினா 200 நிக்கும்). நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. நீட்டு மிளகாய் 6, கிள்ளி விதை தட்டி வெந்நீர்ல 20 நிமிஷம் ஊறவெச்சது. பூண்டு 4 பல், இஞ்சி ஒரு அங்குலம், சின்ன வெங்காயம் 8. புளி 12 கிராம், அதாவது சின்ன நெல்லிக்காய் அளவு. வெல்லம் 20 கிராம். உப்பு 10 கிராம். சுடுதண்ணி 300லிருந்து 350 மில்லி.

மிளகாய், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தை முதல்ல தனியா விழுதாக்கணும். 2 கரண்டி எண்ணெயில சிறுதீயில 8 நிமிஷம் வதக்கணும். நிறம் ஒரு சாயல் கருத்து, ஓரத்துல எண்ணெய் கசியும். புளிக்கரைசல், வெல்லம், உப்பு போட்டு 8 நிமிஷம் கொதிக்கட்டும். தீயைக் குறைச்சப்புறம்தான் கடலை விழுதைத் தண்ணியில கரைச்சு ஊத்தணும். 4 நிமிஷம் கிளறி இறக்கணும். இறக்கும்போது உங்களுக்கு வேண்டிய பதத்தைவிட நீர்க்க இருக்கணும், ஆறினா ஒரு பங்கு கட்டியாகும்.

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 12 நவம்பர், காலை 7.15

உப்பு 10 கிராம் அதிகம். மொத்தச் சாஸ் 600 கிராம் வரும். தொட்டுக்கறதுக்கு நூத்துக்கு 1.2 பங்கு போதும், 7 கிராம்.

குன்னூர் அடுப்படி | 12 நவம்பர், காலை 7.50

சரிதான், 7. சோத்துல பிசையற கணக்குல போட்டுட்டேன். மாத்திப் படிங்க.

மேல்மலைப் பூண்டு | 12 நவம்பர், மதியம் 1.30

பூண்டு 4 பல்லுன்னா எந்தப் பூண்டு? எங்க கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் விளையற மலைப்பூண்டுன்னா 2 பல் போதும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது. பல் சின்னதாத் தெரியும், காரம் தனி. சந்தையில கிடைக்கற வெள்ளைப் பூண்டுக் கணக்குல மலைப்பூண்டைப் போட்டா சாஸ் முழுக்கப் பூண்டுதான் நிக்கும், கடலை மறைஞ்சிடும்.

இன்னொண்ணு. மலையில பூண்டைப் பச்சையா சாஸ்ல போட்டு "கொதியில வெந்துடும்"னு விடக் கூடாது. கொடைக்கானல்ல தண்ணி கிட்டத்தட்ட 93 டிகிரியிலயே கொதிக்குது. ஊட்டி இன்னும் அரை டிகிரி குறைவு. பச்சை வாசனை போக நேரம் இழுக்கும், அதுக்குள்ள கடலை திரிஞ்சிடும். எண்ணெய்க்கு அந்தத் தடை இல்ல. கீழே எந்தச் சூடு ஏறுதோ அதே சூடு மேலயும் ஏறும். எல்லா வதக்கலையும் எண்ணெயில முடிச்சிட்டு, தண்ணி பட்டதுக்கப்புறம் செய்யற வேலையைக் குறைக்கணும். மலைச் சமையலுக்கு இது ஒரு பொதுக் கணக்கு.

பழனி அடிவாரம் | 12 நவம்பர், மாலை 6.10

இதெல்லாம் நாம தோசைக்கு அரைக்கற கடலைச் சட்னிதானே? புளி, மிளகாய், பூண்டு, கடலை. ஒண்ணா ஜார்ல போட்டுத் தண்ணி விட்டு அரைச்சா 2 நிமிஷம். எதுக்கு இத்தனை கட்டம்?

குன்னூர் அடுப்படி | 12 நவம்பர், இரவு 9.30

பொருள் ஒண்ணுதான், அரைக்கற முறை வேற. கடலையைத் தண்ணியோட அரைச்சா துகள் ஒரு அளவுக்கு மேல பொடியாகாது. தண்ணியில நழுவி நழுவி பிளேடுக்குத் தப்பிக்கும். எண்ணெயும் துகளுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கும். அதான் சட்னியில நறநறப்பு இருக்கு, அரை மணி நேரத்துல மேல தண்ணி நிக்குது. சட்னிக்கு அது அழகு. சாஸுக்கு முதல்ல தண்ணி இல்லாம எண்ணெய் கக்கற விழுது வரணும், அப்புறம்தான் தண்ணி. அந்த வரிசை மாறினா எவ்வளவு நேரம் அரைச்சாலும் சாஸ் ஆகாது.

அரைபடும்போது ஜாரைத் திறந்து பாருங்க. முதல்ல ரவை. அப்புறம் பொடி சுவர்ல ஒட்டிக்கிட்டு பிளேடு வெறுமனே சுத்தும், ஸ்பாட்டுலாவால வழிச்சு உள்ள தள்ளணும். மூணாவது, புட்டு மாவைப் பிடிச்ச மாதிரி கட்டிகட்டியா உருளும். நிறைய பேர் இங்கே தண்ணி விட்டுடறாங்க. ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து இன்னும் 40, 50 செகண்ட் ஓட்டினா கட்டி திடீர்னு உடைஞ்சு பளபளன்னு சரியும். ஜாரைச் சாய்ச்சா விழுது மெதுவாக் கூடவே நகரணும், அதுதான் பதம். ஜார்ல மூணுல ஒரு பங்காவது கடலை இருக்கணும். 50 கிராம் போட்டு 1 லிட்டர் ஜார்ல ஓட்டினா நாள் முழுக்கப் பொடிதான்.

கோத்தகிரி வீடு | 13 நவம்பர், இரவு 9.00

சூட்டோட அரைச்சேன். பளபளன்னு வந்த விழுது கடைசி நிமிஷத்துல தானா இறுகிடுச்சு. தண்ணி ஒரு சொட்டுகூட விடலைங்க.

குன்னூர் அடுப்படி | 13 நவம்பர், இரவு 9.40

நான் சொன்னதுல குறை இருக்கு, என் மேல தப்பு. "சூட்டோட"ன்னு மட்டும் எழுதிட்டேன், எவ்வளவு சூடுன்னு எழுதலை. வாணலியிலிருந்து நேரா ஜாருக்குப் போனா கடலையிலிருந்து ஆவி கிளம்பும். மூடி ஜில்லுன்னு இருக்கும். ஆவி அதுல பட்டு முத்துமுத்தா நீராகி விழுதுல சொட்டும். மூடியோட உள்பக்கம் தடவிப் பாருங்க, ஈரம் இருக்கும். தாம்பாளத்துல பரப்பி, உள்ளங்கையில ஒரு பிடி எடுத்து பொறுத்துக்கிட்டு வெச்சிருக்கற சூடு வந்ததும் போடணும், சுமார் 45, 50 டிகிரி. இங்கே அதுக்கு 6, 7 நிமிஷம் ஆகும். மூடியையும் வெந்நீர்ல காட்டித் துடைங்க.

இப்ப இறுகினது வீணில்ல. தாராளமா சுடுதண்ணி விட்டா இளகிடும்.

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 14 நவம்பர், மாலை 5.45

வறுவல் பத்தி யாரும் எழுதலை. அடிகனமான வாணலி, சிறுதீ, 220 கிராமுக்கு 13லிருந்து 15 நிமிஷம். கை ஓயாமக் கிளறணும். தோல் வெடிக்கற சத்தத்தை வெச்சு இறக்கினா உள்ளே பச்சையா இருக்கும். ஒரு பருப்பை எடுத்து ரெண்டாப் பிளந்து, உள்பக்கத் தட்டையைப் பாருங்க. வெள்ளைன்னா பச்சை. மாரி பிஸ்கட் நிறம்னா சரி. அதுக்கு மேல போனா கசப்பு. பிஸ்கட் நிறத்துக்கு ஒரு சாயல் முன்னாடியே தாம்பாளத்துல கொட்டணும், பருப்புக்குள்ள இருக்கற சூடு இன்னும் ஒரு நிமிஷம் வறுக்கும். ஓவன் இருந்தா 160 டிகிரி, 15 நிமிஷம், நடுவுல ஒரு தடவை குலுக்கல்.

மழைக்காலக் கடலை நமுத்திருக்கும். முதல் 4 நிமிஷம் ஈரம் போறதுக்கே சரியாகும், அது வறுவல் கணக்குல சேராது.

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 16 நவம்பர், இரவு 8.20

தண்ணிச் சூடு எவ்வளவு முக்கியம்னு பார்த்தேன். ஒரே விழுதை 50 கிராம் வீதம் மூணு கிண்ணம். ஒவ்வொண்ணுலயும் 75 மில்லி. குழாய்த் தண்ணி 12 டிகிரி, அடுத்தது 40, அடுத்தது 80. முள்கரண்டியால அடிச்சேன். 80 டிகிரி 20 செகண்ட்ல சேர்ந்துடுச்சு. 40க்கு ஒரு நிமிஷம். 12 டிகிரி 3 நிமிஷம் அடிச்சும் கட்டி கரையலை. காலையில பார்த்தா குளிர்ந்த தண்ணிக் கிண்ணத்துல மேல ஒரு விரல் தண்ணி தேங்கியிருந்தது. மத்த ரெண்டும் அப்படியே.

பழனி அடிவாரம் | 16 நவம்பர், இரவு 9.10

ஸ்பூன் ஸ்பூனா விடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். எங்க ஊர்க் குழாய்த் தண்ணியே 30 டிகிரி, அதனால தப்பு தெரியாம ஓடியிருக்கு.

மேல்மலைப் பூண்டு | 18 நவம்பர், காலை 11.00

எண்ணெய் பிரியறதைப் பத்தி ஒண்ணு. குன்னூர் அக்கா எண்ணெய் பிரிஞ்சாலே தப்புங்கற மாதிரி எழுதியிருக்காங்க. மலாய்க்காரங்க சதேங்கற குச்சியில சுட்ட கறிக்குத் தொட்டுக்கற கடலை சாஸ்ல மேல சிவப்பா எண்ணெய் மிதக்கணும். அதை "பெச்சா மின்யாக்"னு சொல்வாங்க, எண்ணெய் உடையறதுன்னு அர்த்தம். நம்ம குழம்புல "எண்ணெய் பிரிஞ்சு வரும்போது இறக்கு"ன்னு சொல்றதும் அதேதான்.

குன்னூர் அடுப்படி | 18 நவம்பர், மதியம் 2.15

அது வேற, இது வேற. அவங்க உடைக்கறது மசாலா விழுதை வதக்கும்போது, கடலை சேர்றதுக்கு முன்னாடி. மேல மிதக்கற அந்த எண்ணெயைக் கரண்டியால ஒதுக்கினா கீழே சாஸ் வழவழன்னு ஒண்ணா இருக்கும். அது பதம். எண்ணெயை ஒதுக்கினா கீழே தயிர் திரிஞ்ச மாதிரி குருணையும் நீருமா இருந்தா அதுதான் கோளாறு. ஆனா எண்ணெயே பிரியக் கூடாதுங்கற தொனி என் எழுத்துல வந்தது உண்மை. மசாலாவுக்குப் பிரியணும், கடலைக்குப் பிரியக் கூடாது.

திரிஞ்சதைச் சேர்க்க வழி: வேற பாத்திரத்துல 3 மேசைக்கரண்டி சுடுதண்ணி. அதுல திரிஞ்ச சாஸை ஒரு கரண்டி விட்டு, சேர்ற வரைக்கும் அடிக்கணும். அடுத்த கரண்டி. அப்படியே முழுசும். திரிஞ்ச பாத்திரத்துக்குள்ள தண்ணியக் கொட்டினா இவ்வளவு நல்லா வராது. தண்ணிக்குள்ள சாஸ் போகணும், அதான் சூட்சுமம். அரை டீஸ்பூன் அரைச்ச கடுகு சேர்த்தா இன்னும் உறுதியா நிக்கும்.

கோத்தகிரி வீடு | 19 நவம்பர், இரவு 7.30

வந்துடுச்சு. கேரட், பீன்ஸ் வேகவெச்சுத் தொட்டுக்கிட்டோம். மீதி அரைக் கிண்ணம் இருக்கு. இங்கே குளிர்தானே, ஃப்ரிட்ஜ்ல வைக்காம அப்படியே மேடையில வெச்சிடலாமா?

மேல்மலைப் பூண்டு | 19 நவம்பர், இரவு 7.45

வேண்டாம். நமக்கு 14 டிகிரி குளிர், கிருமிக்கு அது குளிரே இல்ல. 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும். ஃப்ரிட்ஜ்ல 5 நாள் வைக்கலாம். ஐஸ் தட்டுல ஊத்தி உறைய வெச்சா 2 மாசம், வேணுங்கறப்ப ரெண்டு கட்டி எடுத்து சுடுதண்ணி விட்டுக் கரைச்சுக்கலாம். தண்ணி படாத வெறும் விழுது ஃப்ரிட்ஜ்ல 1 மாசம் தாங்கும்.

பூண்டை எண்ணெயில மூழ்கவெச்சு வெளிய வைக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. காத்து போகாத எண்ணெய்க்குள்ள பாட்டுலிசம் கிருமி வளர்ந்து நஞ்சு கக்கும். வாசனை மாறாது, நிறம் மாறாது, தெரியவே தெரியாது. அதே காரணத்துக்காக இந்தச் சாஸைப் பாட்டில்ல அடைச்சுக் கொதிதண்ணியில வெச்சு மாசக்கணக்கா வைக்கறதும் கூடாது. 100 டிகிரிக்கே அந்தக் கிருமியோட வித்து சாகாது, நம்ம 93 எம்மாத்திரம்.

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 20 நவம்பர், காலை 8.00

கடலை வாங்கும்போதும் அதே கவனம் வேணும். கோத்தகிரி, குன்னூர், கொடை எல்லாம் வடகிழக்குப் பருவமழை ஊர். அக்டோபர்லிருந்து டிசம்பர் வரைக்கும் சாக்குல கிடக்கற கடலை ஈரம் குடிக்கும். பூஞ்சை பிடிச்ச கடலையில அஃப்ளாடாக்ஸின் வரும். 1960இல் இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழி செத்ததே கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தாலதான். இந்த நஞ்சே அப்பத்தான் தெரிய வந்தது. வறுத்தாலும் கொதிக்கவெச்சாலும் முழுசாப் போகாது. சுருங்கினது, கறுத்தது, பச்சை படிஞ்சது, காறல் வாசனை அடிக்கறது எல்லாத்தையும் பொறுக்கி எறியணும். 220 கிராம் பொறுக்க 4 நிமிஷம் ஆகும். ஒரு பிடிக்கு மூணு நாலு கெட்டது வந்தா பொறுக்காதீங்க, மொத்தத்தையும் கொட்டிடுங்க. ரெண்டா உடைஞ்ச நிலக்கடலையை விட முழுக்கடலை நல்லது, கெட்டது கண்ணுல படும். காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

விருந்தாளிக்கு வைக்கறப்ப கடலை சேர்ந்திருக்குன்னு முன்னாடியே சொல்லிடணும். ஒவ்வாமை உள்ளவங்களுக்கு ஒரு துளி போதும்.

பழனி அடிவாரம் | 20 நவம்பர், காலை 9.25

வறுக்காம, அவிச்ச கடலையில செய்யலாமா? வீட்டுல அவிச்சது மீந்துடும்.

குன்னூர் அடுப்படி | 20 நவம்பர், இரவு 10.00

செய்யலாம், ஆனா அது வேற சாஸ். எண்ணெய் கக்காது, பருப்புக் கடைசல் மாதிரி மாவாத்தான் இருக்கும், வாசனையும் மெல்லிசு. சின்னக் குழந்தைக்குக் காரம் குறைச்சுக் கொடுக்க நல்லது. காய்ஞ்ச கடலைன்னா 8 மணி நேரம் ஊறவெச்சு, கீழே குக்கர்ல 15 நிமிஷம்னா இங்கே 20. குக்கர் வெயிட் வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேலதான் தன் அழுத்தத்தைச் சேர்க்கும். சமவெளியில உள்ளே 120 டிகிரி போற குக்கர் ஊட்டியில 116தான் போகும். விசில் எண்ணாம நிமிஷம் எண்ணுங்க.

கோத்தகிரி வீடு | 27 டிசம்பர், இரவு 8.15

வீட்டுக்கு அரைக்கிலோ வால்நட் வந்திருக்கு. அதே முறையில வறுத்து அரைச்சேன். விழுது 40 செகண்ட்லயே வந்துடுச்சு, ஆனா கசக்குது. நிறமும் சாம்பல் கலந்த ஊதா. கெட்டுப்போனதா?

மேல்மலைப் பூண்டு | 27 டிசம்பர், இரவு 9.00

கெட்டுப்போகலை. அக்ரூட்ல நூத்துக்கு 65 பங்கு எண்ணெய், அதான் சீக்கிரம் இளகுது. கசப்பும் ஊதாவும் அந்த மெல்லிசுத் தோல்ல இருக்கற துவர்ப்போட வேலை. நல்லாக் கொதிக்கற தண்ணியில 2 நிமிஷம் போட்டு வடிச்சு, கரடுமுரடான துண்டுல சூட்டோட தேயுங்க. முழுசும் வராது, பாதி வந்தாலே கசப்பு இறங்கிடும். அப்புறம் 150 டிகிரியில 10 நிமிஷம் உலர்த்தினாப் போதும். கடலை மாதிரி சிவக்க வறுக்காதீங்க, அக்ரூட் எண்ணெய் சட்டுனு காறிடும். வாங்கும்போதே ஒண்ணை மென்னு பாருங்க. பழைய பெயிண்ட் வாசனை வந்தா காறிப்போனது, எந்த வித்தையும் காப்பாத்தாது.

இரும்பு வாணலி பக்கம் போகவே போகாதீங்க. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா மை மாதிரி கறுக்கும். புளி சேர்ற கடலை சாஸுக்கும் இரும்பு வேண்டாம்.

மேல்மலைப் பூண்டு | 27 டிசம்பர், இரவு 9.50

அக்ரூட் சாஸை அடுப்புல ஏத்தவே வேண்டாம். ஜார்ஜியா நாட்டுல பாஜேன்னு ஒரு சமைக்காத சாஸ் உண்டு, கொதிக்கவிடறதே இல்ல. அக்ரூட் 150 கிராம், மலைப்பூண்டு 2 பல், வினிகர் 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு 4 கிராம், கொதிச்சு ஆறின வெதுவெதுப்பான தண்ணி 180 மில்லி. அவங்க ஊர்ல நீலப்பூ வெந்தயத்தோட விதையும் காய்ஞ்ச செண்டுமல்லி இதழும் போடுவாங்க. வெந்தயத்துக்குப் பதில் கசூரி மேத்தி (காய்ஞ்ச வெந்தயக்கீரை) கால் டீஸ்பூன் கசக்கிப் போடலாம். நிறத்துக்கு மஞ்சள் ஒரு சிட்டிகை. பூக்கடைச் செண்டுமல்லி வேண்டவே வேண்டாம், மருந்தடிச்சது.

பூண்டை முதல்ல வினிகர் விட்டு நசுக்கணும். பச்சைப் பூண்டை வெறுமனே நசுக்கினா காரம் நேரமாக ஆக ஏறும். புளிப்புக்குள்ளயே நசுக்கினா அந்தக் காரம் உருவாகறதே குறையும். இதை விட்டீங்கன்னா மறுநாள் சாஸ் நாக்கைச் சுடும். வேகவெச்ச பீட்ரூட், கத்தரிக்காய்க்கு ஊத்திச் சாப்பிடுங்க. சமைக்காததால ஃப்ரிட்ஜ்லயே 2 நாள்தான்.

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 28 டிசம்பர், காலை 7.30

அதே ஊர்ல சத்ஸிவின்னு இன்னொண்ணு உண்டு, பேர்லயே "குளிர்ந்தது"ங்கற சொல் இருக்கு. கோழியோட சேர்த்து ஆறவெச்சுப் பரிமாறுவாங்க. அக்ரூட் எண்ணெய் ஊட்டி ராத்திரியிலயும் உறையாது. உறைபனி மாசத்துல ஆறின சாஸ் வேணும்னா தேங்காய், முந்திரியை விட இதுதான் பொருத்தம்.

பழனி அடிவாரம் | 28 டிசம்பர், காலை 10.10

முந்திரி ஏன் கூடாது?

ஃபிங்கர்போஸ்ட் சமையல் | 28 டிசம்பர், மதியம் 12.40

கூடாதுன்னு இல்ல. முந்திரியில மாவுச்சத்து அதிகம், சூடு பட்டா கூழாத் தடிக்கும், ஆறினா அல்வா. 100 கிராமுக்கு 250 மில்லி தண்ணியாவது வேணும். முழு முந்திரி வாங்காதீங்க, குருணை போதும், அரைக்கத்தானே போறோம். சுடுதண்ணியில அரை மணி ஊறவெச்சா எண்ணெய்ப் பதத்துக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், தண்ணியோடவே வெண்ணெயா அரைபடும். கடலைக்கு இது நடக்காது.

கோத்தகிரி வீடு | 14 ஜனவரி 2024, மாலை 4.00

20 பேருக்கு வேணும். மிக்ஸியில 5 தடவை அரைக்கணுமா, கிரைண்டர் தாங்குமா?

குன்னூர் அடுப்படி | 14 ஜனவரி, இரவு 8.30

டேபிள்டாப் வெட் கிரைண்டர் தாங்கும். கோயம்புத்தூர் கிரைண்டர் அமைப்பைத்தான் சாக்லேட் செய்யறவங்க கோகோ அரைக்கவே எடுத்துக்கிட்டாங்க. ஆனா முழுப் பருப்பை நேரடியாப் போடாதீங்க, கல்லு தூக்கி பெல்ட் நழுவும். மிக்ஸியில ரவை பதத்துக்கு உடைச்சு, டிரம்ல வெந்நீர் ஊத்திக் கல்லைச் சூடாக்கி, சுத்தமாத் துடைச்சு, 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஓடவிட்டு, கைப்பிடி கைப்பிடியாத் தூவணும். 1 கிலோவுக்கு ஒண்ணரை மணி நேரம். நடுவுல 40ஆவது நிமிஷம் 10 நிமிஷம் நிறுத்தி மோட்டாருக்கு ஓய்வு கொடுங்க. கல்லுல அரைச்ச விழுது நாக்குல துகளே தெரியாது.

செலவைக் குறைக்க ஊட்டி உருளைக்கிழங்கு 2 வேகவெச்சு மசிச்சுச் சேர்க்கலாம், சாஸ் திரியாமலும் பிடிச்சுக்கும். கையால மசிக்கணும். மிக்ஸியில போட்டா பசை மாதிரி இழுக்கும்.

மேல்மலைப் பூண்டு | 26 மே 2024, மாலை 6.20

ப்ளம்ஸ் வந்துடுச்சு. புளிக்குப் பதில் போட்டுப் பார்த்தோம். நல்லாப் பழுக்காத, கையில அழுத்தினா லேசா அமுங்கற பழம் 150 கிராம். கொட்டை நீக்கித் தோலோட 10 நிமிஷம் வேகவெச்சு மசிச்சு வடிகட்டணும். புளிப்பு தோல்லதான் அதிகம், உரிச்சிடாதீங்க. வெல்லம் 20லிருந்து 30 ஆகணும், தண்ணி 60 மில்லி குறையணும், பழத்துலயே நீர் இருக்கு.

மரத்தக்காளி போட்டாலும் வரும். அதுல தோல் கசக்கும், கொதிநீர்ல 2 நிமிஷம் போட்டு உரிச்சுடணும். விதையை மிக்ஸியில உடைக்காம கரண்டியால மசிச்சு வடிகட்டணும். 3 பழத்துக்கு 12 கிராம் புளி சமம்.

கோத்தகிரி வீடு | 28 மே, இரவு 9.15

ப்ளம்ஸ் போட்டதுல முதல் தடவை திரிஞ்சது. ப்ளம்ஸ் கூழைக் கடைசியில சேர்த்திருந்தேன்.

குன்னூர் அடுப்படி | 28 மே, இரவு 9.40

புளிப்பு எதுவானாலும் மசாலாவோட முதல்லயே போய்க் கொதிச்சு, வெல்லமும் உப்பும் சேர்ந்து அடங்கணும். அப்புறம் தீயைக் குறைச்சு, தண்ணியில கரைச்ச கடலை. இறக்கினப்புறம் புளிப்பு பத்தலைன்னா, தனிக் கிண்ணத்துல ரெண்டு கரண்டி சாஸ் எடுத்து அதுல ப்ளம்ஸ் கூழைக் கலந்து, வெதுவெதுப்பா ஆனதும் மொத்தத்துல ஊத்துங்க.

கோத்தகிரி வீடு | 30 மே, இரவு 8.05

ரெண்டாவது தடவை திரியலை. 30 கிராம் வெல்லம் எங்க பழத்துக்கு அதிகம், 24 போதுமா இருந்தது.